வரிசையில் நின்ற காடு

என்னிடம் ஒரு நிழற்படம் இருக்கிறது. பழைய கண்ணாடிக் குடில் ஒன்றின் இரும்புச் சட்டங்கள் மட்டும் அதில் மிஞ்சி நிற்கின்றன. உள்ளே தரையைப் பிளந்துகொண்டு எழுந்த சிக்கமோர் மரம் ஒன்று, கூரை இருந்திருக்க வேண்டிய உயரத்தையும் தாண்டிக் கிளை பரப்பியிருக்கிறது. போதாததற்குக் காலைப் பனிமூட்டம் வேறு. மூன்று ஆண்டுகளுக்கு முன் அந்தப் படத்தை நண்பர்கள் சிலருக்கு அனுப்பியபோது அடியில் ஒரு வரி எழுதினேன்: “இயற்கை தனக்குரியதை மீட்டுக்கொண்டது.” எழுதியவுடன் எனக்கே அது பிடித்திருந்தது. பாழடைந்த கட்டடங்களைத் தேடி அலைபவர்களில் இந்த வரியை ஒரு முறையாவது எழுதாதவர் இருக்க முடியாது என்று நினைக்கிறேன். கொடி படர்ந்த சுவரையும் மரம் துளைத்த கூரையையும் பார்த்தவுடன் அது தானாக வந்து விழும். யோசித்து எழுதுகிற வரி அன்று அது; யோசிக்காமல் இருப்பதற்காக எழுதுகிற வரி.

அந்த வரி இப்போது என்னை உறுத்துகிறது. அதே இடத்துக்கு நான்காவது முறையாகப் போன நாளில் தொடங்கிய உறுத்தல் அது. என்னுடன் வந்த நண்பர் இன்னமும் அந்த வரிதான் சரி என்கிறார். இருவரும் இதைப் பற்றி எத்தனை முறை பேசியிருப்போம் என்று கணக்கில்லை. பேசித் தீராததால்தான் எழுத உட்கார்ந்தேன்.

பாதையை விட்டு விலகிய இருநூறு அடி

எஸ்டேட் என்றதும் தமிழ்க் காதுக்குத் தேயிலைச் சரிவுகள்தான் நினைவுக்கு வரும். நான் சொல்வது இங்கிலாந்தின் நாட்டுப்புற எஸ்டேட்: நடுவே ஒரு பெருமாளிகை, அதைச் சுற்றிப் புல்வெளியும் வெட்டிய ஏரியும் வேட்டைக்கான காடும், அதற்கும் அப்பால் குத்தகைப் பண்ணைகள் என்று ஒரே குடும்பத்தின் பெயரில் விரிந்து கிடந்த நிலம். வேல்ஸ் எல்லையை ஒட்டிய மேற்குப் பகுதியில் இருக்கும் அந்த இடத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. ஏன் என்பது போகப் போக விளங்கும். மாளிகை 1950களிலேயே இடிக்கப்பட்டுவிட்டது. அது நின்ற இடத்தில் ஒரு மேடும், மேட்டுக்கு ஏறிச்சென்று எதையும் சேராத ஐந்து கற்படிகளும் இருக்கின்றன. ஆனால் மாளிகைக்கு உழைத்த கட்டடங்களை இடிக்க யாரும் செலவு செய்யவில்லை. முட்கள் விழுந்துவிட்ட கடிகாரத்தோடு குதிரை லாயம், கூரை பாதி சரிந்த சலவைக்கூடம், நான்கு பக்கமும் பன்னிரண்டடி உயரச் செங்கல் மதில் சூழ்ந்த காய்கறி, பழத் தோட்டம், தெற்கு வெயிலைப் பார்த்த மதிலில் சாய்ந்து நிற்கும் அந்தக் கண்ணாடிக் குடில், ஏரிக்கு மேலே மரங்களுக்குள் மண்மேடாக மறைந்திருக்கும் பனிக்கட்டிக் கிடங்கு: இவையெல்லாம் அப்படி அப்படியே விடப்பட்டன.

பொதுப் பாதை ஒன்று அந்த நிலத்தின் ஊடாகப் போகிறது. பாதையில் நடக்க எவருக்கும் உரிமை உண்டு. பாதையை விட்டு விலகினால் அது அத்துமீறல். இங்கிலாந்தில் வெறும் அத்துமீறல் பொதுவாகக் குற்றவியல் குற்றமாகாது, நிலத்துக்குரியவர் உரிமையியல் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். இந்தச் சட்ட நுணுக்கத்தை எங்கள் வசதிக்கு வளைத்துக்கொண்டுதான் நானும் நண்பரும் அந்த இருநூறு அடியைக் கடந்தோம். நியாயப்படுத்தவில்லை. கதவு பூட்டியிருந்தால் தொட மாட்டோம், எதையும் எடுக்க மாட்டோம், மேல்தளத்தில் கால் வைக்க மாட்டோம் என்று மூன்று விதிகளை எங்களுக்கு நாங்களே வகுத்துக்கொண்டோம். விதி வகுத்துக்கொண்டால் தவறு சிறியதாகிவிடும் என்று எண்ணுகிற எல்லோரையும் போல.

முதல் மூன்று முறையும் நாங்கள் பார்த்தது ஒரே திசையில்தான். மதில் தோட்டத்துக்குள் நுழைந்து, கண்ணாடிக் குடிலைப் பார்த்து நின்று, படமெடுத்துத் திரும்பினோம். குடில் சாய்ந்திருக்கும் மதிலுக்குப் பின்புறம் என்ன இருக்கிறது என்று கேட்கத் தோன்றவில்லை. பின்புறம் வெறும் புதர். இருபது அடி உயரத்துக்கு, நடுப்பகலிலும் இருட்டாக, உள்ளே கை நுழைக்க இடமில்லாத லாரல் புதர். என் கணினியில் அந்த எஸ்டேட்டின் படங்கள் நானூறுக்கு மேல் இருக்கின்றன. அவற்றில் ஒன்றில்கூட மதிலின் வடக்குப் பக்கம் இல்லை.

பழைய வரைபடத்தில் சில கட்டங்கள்

நண்பருக்கு வரைபடங்களில் ஆர்வம் அதிகம். பிரிட்டனின் நில அளவைத் துறை 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஒரு மைலுக்கு 25 அங்குலம் என்ற அளவில் வரைந்த தாள்களை ஸ்காட்லாந்து தேசிய நூலகம் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. அவற்றில் ஒவ்வொரு கொட்டகையும் தனிக் கட்டமாகத் தெரியும்; கண்ணாடிக் கூரை போட்ட கட்டடங்களுக்குக் குறுக்குக் கோடு போட்டிருப்பார்கள். ஒரு மாலை அவர் எங்கள் எஸ்டேட்டின் தாளைத் திறந்து காட்டினார். கண்ணாடிக் குடில் இருந்தது. அதற்கு நேர் பின்னால், மதிலின் மறுபக்கத்தில், முதுகோடு முதுகாக ஒட்டிக்கொண்டு ஏழு சிறு கட்டங்கள் வரிசையாக இருந்தன. “இவை எங்கே போயின?” என்று கேட்டார். போகவில்லை, புதருக்குள்தான் இருக்க வேண்டும் என்று இருவருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது.

பிப்ரவரி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் போனோம். மற்ற மரங்கள் இலையுதிர்த்து நிற்க, லாரல் மட்டும் கோடையில் இருந்த அதே அடர்த்தியில் பளபளத்துக்கொண்டிருந்தது. நிமிர்ந்து நுழைய வழியில்லை. தரையோடு தரையாக ஊர்ந்துதான் போக வேண்டியிருந்தது. முறிந்த சுள்ளிகளிலிருந்தும் நசுங்கிய இலைகளிலிருந்தும் கசப்பு வாதுமை மணம் எழுந்தது. லாரல் இலையை நசுக்கினால் சிறிதளவு சயனைடு வெளிப்படும். பூச்சி பிடிப்பவர்கள் அந்த இலையை நறுக்கிச் சீசாவில் போட்டுப் பூச்சிகளைக் கொல்வதற்குப் பயன்படுத்தியது உண்டு. இது எனக்கு அப்போதே தெரிந்திருந்ததால் மூச்சைச் சற்று அடக்கியே ஊர்ந்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன், திறந்த வெளியில் அதற்கு அவசியமே இல்லை என்றாலும்.

பாதி வழியில் என் மேலங்கி ஒரு கொம்பில் மாட்டிக்கொண்டது. அதை விடுவிக்கத் திரும்பியபோது, தரையை ஒட்டிய உயரத்தில், இலைகளுக்குக் கீழே, பக்கவாட்டில் பார்வை போயிற்று. மேலே ஒன்றோடொன்று பின்னிக் குழம்பிக் கிடந்த புதர், கீழே மிகத் தெளிவாக இருந்தது. தொடை பருமனுள்ள தண்டுகள் ஒன்றின் பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. வளைந்து சாய்ந்து வேர்விட்டுப் பிரிந்த இளந்தண்டுகளை மனத்தால் விலக்கிவிட்டு மூத்த தண்டுகளை மட்டும் பார்த்தால், அவை ஒரே கோட்டில் நின்றன. முழங்காலால் நகர்ந்தே அளந்தேன். ஒரு தண்டிலிருந்து அடுத்ததற்கு ஏறத்தாழ ஐந்தடி. அதிலிருந்து அடுத்ததற்கும் ஐந்தடி. அதற்கப்பாலும் அதே. சற்றுத் தள்ளி இன்னொரு வரிசை. அதில் ஒவ்வொரு தண்டும் முதல் வரிசையின் இடைவெளிக்கு நேராக, ஒன்றுவிட்டு ஒன்று வைத்தது போல நின்றது.

“ஏன் நின்றுவிட்டீர்கள்?” என்று பின்னாலிருந்து நண்பர் கேட்டார். என்ன சொல்வது என்று தெரியாமல், “இது காடு இல்லை, வேலி” என்றேன்.

வரைபடத்தை நினைவுபடுத்திக்கொண்டபோது மற்றதும் விளங்கியது. ஏழு கட்டங்களுக்கு வடக்கே, மாளிகையிலிருந்து ஏரிக்குப் போகும் உலாப்பாதை ஒன்று புள்ளிக்கோடாக வரையப்பட்டிருந்தது. அந்தப் பாதையில் நடக்கும் குடும்பத்தாரும் விருந்தினரும் கொதிகலன் அறையின் புகைபோக்கியையும் எருக்குவியலையும் மண்ணள்ளும் பையன்களையும் பார்க்க நேரக்கூடாது. அதற்காக யாரோ ஒருவர் கயிறு கட்டி, அளந்து, குழி தோண்டி, இரண்டு வரிசையாக இந்தச் செடிகளை நட்டிருக்கிறார். ஆண்டுக்கு ஒரு முறையோ இரு முறையோ அவர் வழிவந்தவர்கள் அதைக் கத்தரித்தும் வந்திருப்பார்கள். கத்தரிப்பது நின்ற நாளிலிருந்து அது வளர்ந்தது. வளர்ந்து, தான் எதை மறைப்பதற்காக நடப்பட்டதோ அதை முழுவதுமாக மறைத்து முடித்துவிட்டது. இயற்கை எதையும் மீட்கவில்லை. எசமானர் போய் எழுபது ஆண்டுகள் ஆன பின்பும் இந்தச் செடி தனக்கு இட்ட வேலையைச் செய்துகொண்டிருக்கிறது.

பின்கட்டில் ஒரு கதவு

அந்த ஏழு கட்டங்களும் இருந்தன. கூரைகள் விழுந்திருந்தாலும் சுவர்கள் நின்றன. ஒன்று கொதிகலன் அறை. படி இறங்கிப் போகும் பள்ளத்தில் துருப்பிடித்த வார்ப்பிரும்புக் கொதிகலன் அப்படியே இருந்தது. ஒன்று சன்னலே இல்லாத காளான் அறை. ஒன்றில் பழங்களைப் பரப்பி வைக்கும் மரத்தட்டுகளின் தடங்கள் சுவரில் தெரிந்தன. கடைசி இரண்டு அறைகளும் மனிதர் தங்கியவை: சிறு கணப்பு ஒன்றும், சட்டை மாட்டும் ஆணிகளும். இத்தகைய மதில் தோட்டங்களில் திருமணமாகாத இளம் தோட்டக்காரர்கள் இப்படிப் பின்புற அறைகளில்தான் தங்கவைக்கப்பட்டார்கள். 1845இல் கண்ணாடி மீதான வரி நீக்கப்பட்ட பிறகு செல்வர் வீடுகளில் கண்ணாடிக் குடில்கள் பெருகின. திராட்சையும் பீச்சும் பருவம் தப்பிப் பழுக்க வேண்டுமானால் பனிக்கால இரவு முழுவதும் யாராவது விழித்திருந்து நெருப்புக்கு நிலக்கரி இட வேண்டும். மதிலின் தெற்கு முகத்தில் பழம் பழுத்தது. வடக்கு முகத்தில், வெயிலே படாத ஈரத்தில், அதைப் பழுக்கவைத்தவர்கள் தூங்கினார்கள். இடையில் இருந்தது ஒரே ஒரு செங்கல் சுவர்.

கொதிகலன் அறைக் கதவின் உட்புறத்தில் பென்சிலால் எழுதிய எண்கள் இருந்தன. தேதி, அதை அடுத்து இரண்டு எண்கள், மீண்டும் தேதி, இரண்டு எண்கள் என்று கதவின் பாதி உயரத்துக்கு இறங்கின. எண்கள் ஐம்பதுக்கும் அறுபதுக்கும் இடையிலேயே ஊசலாடின. பாரன்ஹீட் அளவில் குடிலின் வெப்பம் என்று எடுத்துக்கொண்டால், முன்னிரவில் ஒன்றும் விடியலுக்கு முன் ஒன்றுமாகப் பார்த்துக் குறித்திருக்கிறார்கள். ஓர் இடத்தில் மட்டும் இரண்டாவது எண் 41 என்று இறங்கி, அதன் கீழ் அழுத்தமாக ஒரு கோடு இழுக்கப்பட்டிருந்தது. அன்று நெருப்பு அணைந்திருக்கும், பையன் தூங்கிப்போயிருப்பான், காலையில் தலைமைத் தோட்டக்காரரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பான். இதெல்லாம் என் ஊகம்தான். ஆனால் அந்தக் கோடு ஊகமில்லை.

கார்ன்வாலில் உள்ள ஹெலிகன் தோட்டம் இன்று உலகப் புகழ்பெற்றது. 1990இல் அதை முட்புதருக்குள்ளிருந்து கண்டெடுத்தவர்கள், தோட்டக்காரர்களின் கழிவறைச் சுவரில் அங்கே வேலை செய்தவர்களின் கையொப்பங்களைக் கண்டார்கள். உடன் எழுதியிருந்த காலம் 1914 ஆகஸ்ட். முதல் உலகப் போர் தொடங்கிய மாதம். அவர்களில் பலர் போரிலிருந்து திரும்பவில்லை. அந்தப் பெயர்களைத் தெரிந்துகொண்டதால்தான் அந்தத் தோட்டத்தை மீட்டெடுத்தவர்கள் அதை எசமானரின் தோட்டமாக அன்றித் தோட்டக்காரர்களின் தோட்டமாகக் காட்ட முனைந்தார்கள். எங்கள் கதவில் பெயர் இல்லை, எண்கள் மட்டுமே. அதனாலேயே அது என்னை அதிகம் தொந்தரவு செய்கிறது என்று தோன்றுகிறது.

மறைத்தல் என்பது இந்த எஸ்டேட்டுகளின் கட்டடக்கலையிலேயே இருந்தது. டெர்பிஷைரில் உள்ள கால்க் ஆபேயில், தோட்டக்காரர்கள் மாளிகையின் கண்ணில் படாமல் போய்வரச் சுரங்கவழி உண்டு. மேற்கு சசெக்ஸில் உள்ள அப்பார்க், வட அயர்லாந்தில் உள்ள காசில் கூல் ஆகியவற்றிலும் பணியாளருக்கான சுரங்கவழிகள் இருக்கின்றன. சுரங்கம் தோண்டப் பணமில்லாதவர்கள் செடி நட்டார்கள். அதனால்தான், கைவிடப்பட்ட எஸ்டேட் ஒன்றில் முதலில் புதருக்குள் மூழ்குவது எது என்று பார்த்தால், பெரும்பாலும் அது உழைப்பு நடந்த இடமாகவே இருக்கும். முதலிலிருந்தே மறைக்கும் செடியின் அருகில் கட்டப்பட்டது அது ஒன்றுதான்.

செடிகளைப் படிக்கத் தொடங்கியபின்

அதற்குப் பிறகு எந்தப் பாழிடத்துக்குப் போனாலும் கட்டடத்தை விட்டுவிட்டுச் செடிகளைப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது. ‘காடு’ என்று நாம் பொத்தாம் பொதுவாகச் சொல்வதில் பெரும்பகுதி யாரோ வாங்கி வந்து வைத்தது. லாரல் கருங்கடலைச் சுற்றிய நாடுகளைச் சேர்ந்தது. 17ஆம் நூற்றாண்டிலேயே இங்கிலாந்துத் தோட்டங்களுக்கு வந்துவிட்டது. ஏரிக்கரையை மூடிக்கிடக்கும் ஊதாப்பூ ரோடோடென்ட்ரான் ஸ்பெயின், துருக்கிப் பக்கத்துச் செடி. 1763ஆம் ஆண்டு வாக்கில் பிரிட்டனுக்குக் கொண்டுவரப்பட்டு, அழகுக்காகவும், வேட்டைப் பறவைகள் பதுங்க இடமாகவும் ஏக்கர் கணக்கில் நடப்பட்டது. இதில் எனக்கு மிகவும் பிடித்த, அல்லது மிகவும் சங்கடப்படுத்திய, செய்தி ஒன்று உண்டு. இமயமலைப் பக்கத்திலிருந்து வந்த விலையுயர்ந்த ரோடோடென்ட்ரான் வகைகளைத் தோட்டக்காரர்கள் பெரும்பாலும் இந்த ஊதாப்பூ வகையை வேர்ச்செடியாக வைத்து அதன்மேல் ஒட்டுக் கட்டி வளர்த்தார்கள். வேர்ச்செடி அடியிலிருந்து விடும் துளிர்களை ஆண்டுதோறும் கிள்ளிவிட வேண்டும். கிள்ளுவதற்கு ஆள் இல்லாமல் போனதும், அடியில் இருந்தது மேலே வந்தது. மேலே ஒட்டியிருந்த உயர்குடிச் செடி நிழலில் செத்துப்போனது. இன்று ஒரே நிறத்தில் பூத்துக் குலுங்கும் அந்தக் கரையில் நூறு ஆண்டுகளுக்கு முன் எத்தனை நிறங்கள் இருந்தன என்பதற்குச் சான்றே இல்லை.

தொட்டால் காஞ்சொறி போல அரிக்கும் நெட்டில் செடி, பாஸ்பேட் மிகுந்த மண்ணில்தான் செழிக்கும். சாம்பலும் சாணமும் கழிவும் நெடுங்காலம் கொட்டிய இடத்தில் அந்தச் சத்து நூற்றாண்டுக் கணக்கில் தங்கிவிடுகிறது. அதனால் குதிரை லாயத்தின் பின்னால் இடுப்பளவு நெட்டில் நிற்குமிடம் எருக்குவியல் இருந்த இடம் என்று துணிந்து சொல்லலாம். தொல்லியலாளர்களும் இதைக் குறிப்பாகக் கொள்வதுண்டு. பிப்ரவரியில் வெள்ளையாகப் பூக்கும் ஸ்னோடிராப், மரங்களுக்கு நடுவே வளைந்து செல்லும் ஒரு கோடாகப் பூத்திருந்தால், அங்கே பாதை இருந்தது, அதன் ஓரத்தில் யாரோ கிழங்கு ஊன்றினார். என் படத்தில் கூரையைத் துளைத்து நின்ற சிக்கமோரும் ஐரோப்பாவின் நடுப்பகுதியிலிருந்து வந்து நடப்பட்ட மரத்தின் வழித்தோன்றல்தான். எஸ்டேட்டின் கணக்குப் புத்தகங்கள் ஏலத்தில் போயிருக்கலாம், எரிந்திருக்கலாம். இந்தச் செடிகளில் ஒரு நகல் மிச்சமிருக்கிறது.

கூரையைப் பற்றியும் ஒரு வார்த்தை. மரம் கூரையைப் பிளந்தது என்று எழுதுகிறோம். பெரும்பாலான இடங்களில் கூரை அதற்கு முன்பே விற்கப்பட்டுவிட்டது. 1870களில் தொடங்கிய வேளாண் வீழ்ச்சியில் குத்தகை வருமானம் சரிந்தது. 1894இல் வந்த மரணச் சொத்துவரி, 1919இல் மிகப் பெரிய சொத்துகளுக்கு 40 சதவீதமாக உயர்ந்தது. இரண்டு போர்களில் வாரிசுகளும் வேலையாட்களும் போனார்கள். டெர்பிஷைரின் சட்டன் ஸ்கார்ஸ்டேல் மாளிகை 1919இல் விற்கப்பட்டபோது, வாங்கியவர்கள் அதை உறுப்பு உறுப்பாகக் கழற்றி விற்றார்கள். அதன் மரப்பலகை வேய்ந்த அறைகள் அட்லாண்டிக்கைக் கடந்து போய் இன்று பிலடெல்பியா அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. கூரையையும் எடுத்துவிட்டார்கள். இப்போது அங்கே போகிறவர்கள் வானம் தெரியும் அறைகளைப் பார்த்து மெய்மறக்கிறார்கள், நானும் மெய்மறந்தேன். அந்த வானத்தைத் திறந்துவிட்டது ஐவிக் கொடி இல்லை, ஒரு விற்பனைப் பத்திரம்.

பாழைக் கட்டியவர்கள்

இதையெல்லாம் தெரிந்துகொண்ட பின்பும் பாழைப் பார்த்தால் ஏன் மனம் இளகுகிறது என்பது வேறு கேள்வி. அதற்கான விடையும் இந்த எஸ்டேட்டுகளுக்குள்ளேயே இருக்கிறது என்பதுதான் வேடிக்கை. 18ஆம் நூற்றாண்டின் நிலவுடைமையாளர்கள் தங்கள் பூங்காக்களில் இடிந்த கோட்டைகளைப் புதிதாகக் கட்டிக்கொண்டார்கள். வொர்ஸ்டர்ஷைரின் ஹாக்லியில் சாண்டர்சன் மில்லர் என்பவர் 1740களின் இறுதியில் எழுப்பிய பொய்க்கோட்டை முதல் நாளிலிருந்தே இடிந்த கோட்டைதான். ஒரு கோபுரம் முழுதாகவும் மற்றவை சிதைந்தும் இருக்கும்படி திட்டமிட்டுக் கட்டி, கொடி படரவிட்டார்கள். பார்ப்பவர் மனத்தில் இனிய சோகம் எழ வேண்டும், மாளிகைச் சன்னலிலிருந்து சரியான தொலைவில் அது தெரிய வேண்டும். பாழை ரசிக்கும் நம் கண் அந்தச் சன்னலுக்குப் பின்னால் பயிற்சி பெற்ற கண்.

இவற்றில் ஒன்று தமிழ் வாசகரைத் திடுக்கிட வைக்கும். ஸ்காட்லாந்தின் வடக்கே, ஆல்னஸ் என்ற ஊருக்கு மேலே ஃபைரிஷ் என்றொரு குன்று இருக்கிறது. அதன் உச்சியில் கல் வளைவுகளும் தூண்களுமாக ஒரு சின்னம் நிற்கிறது. அது நாகப்பட்டினத்துக் கோட்டை வாயிலின் வடிவம். 1781இல் டச்சுக்காரர்களிடமிருந்து நாகப்பட்டினத்தைக் கைப்பற்றிய படைக்குத் தலைமை தாங்கிய ஹெக்டர் மன்றோ, மறு ஆண்டில் தன் நோவர் எஸ்டேட்டுக்கு மேலே அதைக் கட்டுவித்தார். வேலையின்றித் தவித்த அப்பகுதி மக்களுக்குக் கூலி கிடைக்க வேண்டும் என்பது நோக்கமாம். சுமந்து ஏற்றிய கற்களை மன்றோவே மீண்டும் உருட்டிவிட்டு, இன்னும் சில நாள் கூலி கிடைக்கச் செய்தார் என்று ஒரு கதையும் வழங்குகிறது. கதை உண்மையோ இல்லையோ, அதைப் பெருந்தன்மைக்கு உதாரணமாகச் சொல்பவர்கள் கல்லை இரண்டாம் முறை சுமந்தவரின் தோளைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. அந்தக் குன்றுக்கு நான் போனது ஒரே ஒரு முறை. ஹெதர் புதருக்கு நடுவே, மழையில், அந்த வளைவுகளுக்குக் கீழே நின்றபோது, ‘எவ்வளவு அழகான இடிபாடு’ என்று பக்கத்தில் ஒரு பெண்மணி தன் மகளிடம் சொன்னார். ஒரு கணம் நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

நண்பரின் மறுப்பு

என் நண்பர் இதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “நட்டது மனிதர் என்பது சரி. நட்ட பிறகு அது யார் சொல்லைக் கேட்கிறது?” என்று கேட்கிறார். லாரல் வரிசையில் நின்றது உண்மை, ஆனால் வரிசைக்கு வெளியே அது போட்ட தண்டுகளை யாரும் அளந்து வைக்கவில்லை. இன்னும் நூறு ஆண்டில் மூத்த தண்டுகள் மடிந்துவிடும், அப்போது வரிசையும் இருக்காது, பிறகு அதை எந்தக் கணக்கில் எழுதுவீர்கள் என்கிறார். ஐவியைச் சான்றுக்கு அழைக்கிறார். அது இந்த மண்ணின் சொந்தக் கொடி, எவரும் கொண்டுவந்ததில்லை. அதைச் சுவரின் எதிரி என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தார்கள். பழஞ்சின்னங்களைப் பேணும் இங்கிலிஷ் ஹெரிடேஜ் அமைப்புக்காக ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தார் செய்த ஆய்வு, உறுதியான சுவரை அது வெப்பக் குளிர் மாற்றங்களிலிருந்தும் மாசிலிருந்தும் காக்கிறது என்றும், ஏற்கெனவே விரிசல் விட்ட சுவரில்தான் வேர் நுழைத்துச் சேதம் செய்கிறது என்றும் காட்டியது. யாருக்கும் வேலைக்காரனாக இல்லாமல் தன் போக்கில் ஒரு சுவரைக் காத்துக்கொண்டோ கெடுத்துக்கொண்டோ இருக்கும் அந்தக் கொடியை, என் வாதத்துக்குள் என்னால் அடக்க முடியவில்லை.

வௌவால்களையும் அவர் சொல்கிறார். அந்த நினைவு எனக்குப் பெருமை தருவதன்று. எங்கள் இரண்டாவது பயணம் சனவரியில். பனிக்கட்டிக் கிடங்கின் வாசல் கதவின்றித் திறந்திருந்தது. ஏரி உறையும் நாட்களில் பனிக்கட்டியை வெட்டி, வைக்கோலுக்கு நடுவே அடுக்கி, கோடைவரை காத்து வைக்கும் முட்டை வடிவச் செங்கல் குழி அது. வெயில் படாத குறுகிய இடைவழி ஒன்று அதற்குள் இட்டுச்செல்கிறது. கைவிளக்கை மேலே திருப்பினேன். குவிமாடத்தில் கட்டைவிரல் அளவே உள்ள குதிரைலாட வௌவால்கள் சில, தங்கள் இறக்கைகளாலேயே தங்களைப் போர்த்திக்கொண்டு தொங்கின. குளிர்காலத் துயிலில் இருக்கும் வௌவாலை எழுப்பினால், வசந்தம் வரை தாங்க வேண்டிய கொழுப்பில் ஒரு பகுதியை அது அந்த ஒரு விழிப்பில் வீணாக்கிவிடும். அதன் உறைவிடத்தில் அதைத் தொந்தரவு செய்வது 1981ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். விளக்கை அணைத்துவிட்டு வந்த வழியே பின்னோக்கி நடந்தோம். எங்கள் மூன்று விதிகளிலும் இதற்கு இடமிருக்கவில்லை. கோடையிலும் குளிர்காலத்திலும் ஒரே சீரான குளிர்ச்சி வேண்டும் என்று எசமானரின் மேசைக்காகக் கட்டிய அறை, வேறொரு உயிருக்கு அதே காரணத்துக்காகப் பொருந்திப்போயிருக்கிறது. இதை மீட்பு என்று சொல்லலாமா? குடியேற்றம் என்று சொல்வேன். நண்பர் சிரிக்கிறார், சொல்லைத்தான் மாற்றியிருக்கிறீர்கள் என்று.

ஒன்றை மட்டும் அவருக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை. ‘இயற்கை மீட்டது’ என்று சொல்லும்போது, அந்த இடம் அதற்கு முன் யாருடையது, யார் அதில் விழித்திருந்தார், யார் அதை விற்றார் என்ற கேள்விகள் அனைத்தும் அந்த ஒரே எழுவாய்க்குள் கரைந்துபோகின்றன. ‘கைவிடப்பட்ட’ என்ற சொல்லுக்கும் அதே குணம். கை விட்டது யாருடைய கை?

இந்த இலையுதிர்காலத்தில் ஒருவழியாக நேர்மையாக நடந்துகொள்ளத் தீர்மானித்து, அந்த நிலத்தை இன்று நிர்வகிப்பவருக்குக் கடிதம் எழுதினேன். முன்பு அனுமதியின்றி நுழைந்ததையும், கதவில் உள்ள பென்சில் எண்களையும், அந்தக் கதவு ஈரத்தில் இன்னும் சில ஆண்டுகளே தாங்கும் என்பதையும் எழுதியிருந்தேன். திட்டு வரும் என்று எதிர்பார்த்தேன்; நான்கு வரியில் பதில் வந்தது. வௌவால்களின் துயில் முடியும்வரை அந்தப் பக்கம் யாரும் போகக் கூடாது, ஏப்ரல் இறுதியில் வரலாம், தானும் உடன் வருவார், அப்படி ஒரு கதவு இருப்பதே அவருக்குத் தெரியாது. பின்குறிப்பாக ஒரு வரி: அந்த லாரல் புதரை அடுத்த ஆண்டு வெட்டி அகற்றத் திட்டம் இருக்கிறது.

அளவுநாடா ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். முழங்காலால் அளந்தது போதாது. வெட்டுவதற்கு முன் அந்த இரண்டு வரிசைகளின் இடைவெளிகளையும் தண்டு தண்டாகக் குறித்துக்கொள்ள வேண்டும். நண்பரும் வருகிறார், வரிசைக்கு வெளியே முளைத்தவற்றை அவர் எண்ணுவாராம்.